பொரி உருண்டைக்கு முத்திரை கேட்டவர்களுக்கு

கார்த்திகை தீபத்தன்று நான் வீட்டில் பிடித்துக் கொண்டுவந்த பொரி உருண்டையை நமது சங்கக் கூடத்தில் மேசையில் வைக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். மற்றதை வாட்ஸ்அப்பில் அனைவரும் படித்திருப்பீர்கள் என்பதால் மீண்டும் விவரிக்கவில்லை. ‘வீட்டுத் தயாரிப்புகளின் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை, சீல் வைத்த கடைப் பெட்டிகள் மட்டுமே மேசையில் வைக்கப்படும்’ என்ற சங்கக் குழுவின் அறிவிப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வீட்டில் பிடித்த பொரி உருண்டை அசுத்தமானது அன்று. ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பிலேற்றிக் காய்ச்சுகிறோம். கெட்டி உருண்டைப் பதம் வரும்போது பாகின் சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. தண்ணீர் பெரும்பாலும் வற்றிவிட்ட அந்தப் பாகில் கிருமி பெருக ஈரம் எங்கே இருக்கிறது?

மும்பையின் சயானில் குடியிருந்த காலத்தில் என் மாமியார்தான் எனக்குப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, உருட்டியெடுத்துப் பித்தளைத் தட்டில் போடச் சொல்வார். “டங்குன்னு கேட்டாத்தான் இறக்கணும்” என்பார். இறக்கியதும் நான்கு கப் நெல் பொரி, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஏலக்காய், சுக்கு. மாட்டுங்கா மார்க்கெட்டில் சிக்கி எனப்படும் கடலை மிட்டாய்க்கென்றே தனியாக விற்கும் வெல்லம் இதற்கு நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவரே. அடுக்களையில் ஈரக்கையோடு நுழைந்தாலே கடிந்துகொண்ட அந்த அம்மாளின் கைப்பக்குவத்தைத்தான் இன்று உத்தரவாதம் இல்லாதது என்கிறீர்கள்.

‘கையால் தொட்டுத்தானே பிடிக்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆம், கையால்தான். பாகு ஆறுவதற்குள், உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, தோல் சிவக்கப் பிடித்தால்தான் உருண்டை உதிராமல் நிற்கும். கடையில் யார் கையால் பிடித்தார்கள், அந்தக் கையைக் கழுவினார்களா என்பதைப் பெட்டியின் மேலுள்ள சீல் சொல்லுமா? நீரிழிவுக்காரர்களை நினைத்தே இந்த முடிவு என்றார் இன்னொருவர். நல்லது, அந்தப் பெட்டிகளில் இருந்தது மைசூர்பாகு. பல் உடையும் என்று சிரிப்புப் பொம்மை போட்டவருக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

சங்கராந்தியன்று எங்கள் மாடியிலிருக்கும் மராட்டியக் குடும்பத்தார் எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தாங்களே பிடித்த உருண்டையைக் கையில் வைத்து, இதை வாங்கிக்கொண்டு இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்கு யாரும் முத்திரை கேட்பதில்லை. நம்மவர்களுக்கு மட்டும் நம்மவர் வீட்டு அடுக்களைமீது ஏன் இத்தனை சந்தேகம் என்று எனக்கு விளங்கவில்லை. என் தூக்குவாளியைத் திறந்துகூடப் பார்க்காமல் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சுத்தத்தைப் பற்றிப் பேசியவர்கள்தாம் அதைச் செய்தார்கள்.

இதே சங்கக் குழு, ஐயப்ப பூஜைக்குக் கடையில் விலை கூடுதல் என்று வீடு வீடாக நெய்யப்பம் கேட்டு வந்தது. அப்போது எங்கள் கைகள் சுத்தமாக இருந்தன போலும்! மார்கழி பஜனைக்குச் சுண்டல் செய்து தர முடியுமா என்று இன்று காலை தொலைபேசியில் கேட்டார்கள். அதுவும் சீல் வைத்த பெட்டியிலேயே வரட்டும்.