கல்லுக்கு வார்னிஷ் அடிப்பது காவல் இல்லை

நம் ஊர்க் கோயில் கல்மண்டபத் தூண்களுக்கு வார்னிஷ் அடித்திருக்கிற படத்தை நேற்று போட்டதிலிருந்து வந்த பேச்சு எல்லாவற்றையும் படித்தேன். மறுபடியும் சொல்கிறேன், கல்லுக்கு வார்னிஷ் அடிப்பது காவல் இல்லை. மினுங்குகிறது, புதுசாகத் தெரிகிறது, சரி. ஆனால் அந்தத் தூண்கள் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. உப்புக்காற்றும் மண்ணின் ஈரமும் கல்லுக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஈரம் வெளியே வர வழி இருந்தால் உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், எடுத்துவிடலாம். வழியை அடைத்தால் அதே உப்பு கல்லின் தோலுக்கு உள்ளேயே படிகமாகி, அதைச் சில்லுச் சில்லாகத் தள்ளிவிடும். சிற்பத்தின் மூக்கும் விரலும்தான் முதலில் போகும்.

எங்கள் பாட்டா வீடு சுண்ணாம்புக் காரைச் சுவர். சித்தப்பா ஆசையாக எனாமல் அடித்தார். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் காரையையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. பாட்டா சுவரில் கையை வைத்து, “சுவரு வேர்க்க விடணும் மக்களே” என்றார். பள்ளிக்கூடம் போகாத மனிதர்.

“வள்ளுவர் சிலைக்குப் பூசவில்லையா?” என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். பூசுகிறார்கள். 133 அடிச் சிலை முழுக்கக் காகிதக்கூழை அப்பி, கல்லில் ஏறிய உப்பை முதலில் இழுத்து எடுக்கிறார்கள். அப்புறம்தான் சிலிக்கோன் ரசாயனம். அந்த வகைப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போவதையும் தடுக்காது. அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். நம் மண்டபத்தில் யார் உப்பை எடுத்தது? தூணைக் கழுவிய மறுநாளே பிரஷோடு ஏறினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காசு கொடுத்தவர் மனசு புண்படுமாம். அவர் மனசு நல்ல மனசுதான், அதனால் கல் தாங்கிவிடாது. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எதை வைத்து உரிப்பீர்கள்? மணலைப் பீய்ச்சினால் உளி பட்ட வரிகளும் சேர்ந்து போகும். திரும்ப எடுக்க முடியாத எதையும் பழைய பொருளின் மேல் போடக் கூடாது, இது இந்த வேலையின் அரிச்சுவடி.

நான் கோயில் விஷயம் மட்டும் பேசுகிறேன் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. என் கூட்டுக்காரன் ஊர் சர்ச்சில் பழைய வண்ணக்கண்ணாடிக்குக் காவலாக வெளியே பிளாஸ்டிக் தகடு வைத்தார்கள், சுற்றிலும் சந்தில்லாமல் அடைத்து. நடுவில் நீர் கோத்து, மாதாவின் முகத்தில் தீட்டிய கோடுகள் உதிர்ந்துவிட்டன. மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டிருந்தால் அதே தகடு நல்ல காவலாக இருந்திருக்கும். அங்கேயும் போய்ச் சொன்னேன், அங்கேயும் ஏச்சு வாங்கினேன்.

“வெளியூரில் இருந்துகொண்டு ஊர்க் காரியத்தில் தலையிடாதே” என்று எழுதியவர் எனக்கு அண்ணன் முறை. அண்ணே, அம்மா சந்தைக்குப் போகும்போது தலைச்சுமையை இறக்கி வைத்தது அந்த மண்டபத்தில்தான். மழைக்கு நீங்களும் நானும் ஒரே தூணில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்கும் அது ஊர்தான்.

கிழக்குப் பக்கம் நாலு தூணுக்கு இன்னும் அடிக்கவில்லை. அவற்றையாவது விட்டுவிடுங்கள்.