டோக்கியோ ஸ்டோரி பிள்ளைங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல

உலக சினிமா லிஸ்ட் யார் போட்டாலும் ஜப்பான் டைரக்டர் யசுஜிரோ ஓசுவோட 'டோக்கியோ ஸ்டோரி' (1953) அதுல இருக்கும், 2012ல பிரிட்டன் சினிமா பத்திரிகை சைட் அண்ட் சவுண்ட் டைரக்டர்கள்கிட்ட ஓட்டு எடுத்தப்போ முதலிடமே இதுக்குத்தான். ஆனா நம்மாளுங்க இதப் பத்தி எழுதுனா "பெத்தவங்கள மதிக்காத பிள்ளைங்க கதை"ன்னு ஒத்த வரியில முடிச்சிடுறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே மாட்டேங்குது.

ஒனோமிச்சிங்கிற கடலோர ஊர்லருந்து ஷுகிச்சியும் அவர் சம்சாரம் டோமியும் டோக்கியோவுல இருக்க பிள்ளைங்கள பாக்க வர்றாங்க. மூத்தவன் டாக்டர்தான், ஆனா நகரத்து ஓரத்துல வீட்டோட சேர்ந்த சின்ன கிளினிக். ஞாயித்துக்கிழமை ஊர் சுத்திப் பாக்க எல்லாரும் டிரஸ் பண்ணி ரெடியா நிக்கிறப்போ ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு ஆள் வருது, அவன் போய்த்தானே ஆகணும், போகாம இருந்தா அவன் என்ன டாக்டர்? மக ஷிகே வீட்லயே பியூட்டி பார்லர் நடத்துறா, ஒரு நாள் மூடுனா அன்னைக்கு வரும்படி இல்ல.

சரி நம்மளால கூட இருக்க முடியல, வெந்நீர் ஊத்து இருக்க அத்தாமிக்காவது போய்ட்டு வரட்டும்னு அண்ணனும் தங்கச்சியும் காசு போட்டு அனுப்புறாங்க. அங்க ராத்திரி பூரா பாட்டும் கூச்சலும், ரெண்டு பேருக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல. விடிஞ்சதும் கடலோரச் சுவர் மேல ஒரே மாதிரி உடுப்புல ரெண்டு முதுகும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும், ஊருக்குப் போயிடலாமான்னு பேசிக்குவாங்க, எந்திரிக்கிறப்போ டோமிக்கு லேசா தலை சுத்தும். அவ்ளோதான், பின்னணி இசையப் போட்டு யாரும் நம்மள அழச் சொல்லல.

கேமராவ தரையோட தரையா வச்சாரே ஓசு, அத வெறும் ஸ்டைல்னு நான் நினைக்கல. நாமளும் அந்த வீட்டுப் பாயில ஒரு ஓரமா உக்காந்திருக்கோம், மேலருந்து பாத்து தீர்ப்பு சொல்ற இடத்த அவர் நமக்குக் குடுக்கவே இல்ல.

போர்ல செத்துப்போன மகனோட பொண்டாட்டி நொரிகோ (நடிச்சது செட்சுகோ ஹரா) மட்டும்தான் லீவு போட்டு மாமனார் மாமியாரோட பஸ்ல ஊர் சுத்துறா, மாமனாருக்கு ஊத்த பக்கத்து வீட்ல சாக்கே (ஜப்பான் அரிசி மது) கடன் வாங்குறா. ஊர் திரும்புனதும் டோமி செத்துப்போயிடுறாங்க. ஆனா அந்த நொரிகோவே கடைசில மாமனார்கிட்ட, நான் ஒண்ணும் அவ்ளோ நல்லவ இல்ல, உங்க மகன நினைக்காத நாளும் இருக்குன்னு சொல்லிடுறா. அக்கா அண்ணன் மேல கடைக்குட்டி கியோகோ கோவப்படுறப்போ அவங்க பக்கம் எடுத்துப் பேசுறதும் இதே நொரிகோதான்.

சின்ன வயசுல பாத்தப்போ எனக்கும் ஷிகேவ கண்டாலே ஆகல, அம்மா செத்த கையோட அவங்க கிமோனோவ கேட்டு வாங்குறாளேன்னு. அப்புறம் எங்கப்பா அம்மா ஊர்லருந்து வந்து பத்து நாள் எங்கூட தங்குனாங்க, அதுல பாதி நாள் அவங்கள டிவி முன்னாடி உக்கார வச்சிட்டு நான் கதவ சாத்திக்கிட்டு மீட்டிங்ல இருந்தேன். அவங்க கிளம்பிப் போன வாரம் படத்த திரும்பப் போட்டேன், ஷிகே மேல ஒரு சொட்டு கோவம் வரல.

படம் ஆரம்பிக்கிறப்போ ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்ப பை அடுக்குவாங்க. காத்தடிக்கிற தலையணை அங்க இருக்கான்னு டோமி கேப்பாங்க, உங்கிட்டதானே குடுத்தேன்னு ஷுகிச்சி சொல்வார், எங்கிட்ட இல்லவே இல்லம்பாங்க டோமி, கடைசில அவர் பையிலயே கிடக்கும். அப்போ ஜன்னல் வழியா எட்டிப் பாத்துப் பேசுன பக்கத்து வீட்டம்மா படம் முடியுறப்பவும் அதே ஜன்னல்ல வந்து பேசுறாங்க. இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா இருக்கறப்பவே அவள இன்னும் நல்லா பாத்திருப்பேன், தனியா இருந்தா பொழுது ரொம்ப நீளமா இருக்கும்னு ஷுகிச்சி சொல்றார். அந்தம்மா போயிடுறாங்க. அவர் விசிறியோட அப்படியே உக்காந்திருக்கார், பக்கத்துல டோமி உக்காந்து பை அடுக்குன எடம் காலியா கிடக்கு.