பவளத்துக்கு வேர் கிடையாது

"உடைந்த பவளத்தை மணலில் ஊன்றினால் வேர்விட்டு வளரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. பவளம் செடியல்ல, விலங்கு. அமெரிக்கக் கடல்சார் அமைப்பான நோவாவின் இணையதளத்திலேயே இதைச் சரிபார்க்கலாம்.

பவளத்தின் நுண்குஞ்சு நீந்தி வந்து கெட்டியான பாறையைத் தேடும். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த இடமென்றால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே அடிப்பக்கம் சுண்ணாம்பைச் சுரந்து, சிமென்ட் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். மணலில் ஊன்றிய துண்டோ அலையில் புரண்டு, தசை உரசித் தேய்ந்து, பெரும்பாலும் மண் மூடிச் சாகும். (காளான் பவளம் மணலில் சும்மா கிடக்கும், அதற்கும் வேரில்லை.) மன்னார் வளைகுடாவில் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் அசையாமல் கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

கல் பவளம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியின்றி எடுப்பதே குற்றம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.