முழங்கால் தேய்ந்த காற்சட்டை

என் தம்பி ரொறன்ரோப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளாக அம்புலன்ஸ் வண்டியில் அவசர சிகிச்சை தரும் பராமெடிக்காகப் பணிபுரிகிறான். அவனுடைய சீருடைக் காற்சட்டைகளில் முதலில் தேய்வது முழங்கால் பகுதிதான். குளியலறைத் தரையிலும் நிலக்கீழ் அறைகளிலும் கடைகளின் பின்புற ஒழுங்கைகளிலும் மண்டியிட்டு, போதைப்பொருளை அளவுமீறி எடுத்து மூச்சு நின்றுபோனவர்களுக்கு மூச்சூட்டித் தேய்ந்தவை அவை. சென்ற மாதம் அம்மா ஒன்றைத் தைத்துத் தருவதாகச் சொன்னபோது அவன் மறுத்துவிட்டான். பின்னர் என்னிடம் மட்டும் சொன்னான்: "அக்கா, அது அந்தப் பொடியன்ர வீட்டிலை போட்டிருந்தது. கதவை உடைச்சுக்கொண்டு உள்ளை போனம். தாய் பின்னாலை நிண்டு 'தம்பி, எழுப்பி விடுங்கோ' எண்டு தமிழிலை கேட்டுக்கொண்டே இருந்தவ. எங்களாலை ஏலாமல் போச்சு."

அந்த வீட்டிலிருந்து வெளியேறிய சிறிது நேரத்திலேயே, விழுந்து இடுப்பு முறிந்த ஒரு மூதாட்டியிடம் அவனை அனுப்பினார்கள். அவரிடம் அவன் சிரித்துப் பேச வேண்டியிருந்தது.

2016 முதல் கனடாவில் 50,000-க்கும் மேற்பட்டோர் ஓபியாயிட் (அபின் வகைப் போதைப்பொருள்) நச்சினால் இறந்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை நாம் செய்தியாகப் படித்துக் கடந்துபோகிறோம். அந்த மரணங்களில் பலவற்றின் அருகே மண்டியிட்டிருந்தவர்களை எவரும் எண்ணுவதில்லை. அளவுமீறிய போதையைத் தடுப்பதும் மீட்புப் பணியாளரின் மனநலத்தைக் காப்பதும் வெவ்வேறு கோரிக்கைகள் என்று நான் கருதவில்லை. தடுக்கப்படும் ஒவ்வொரு மரணமும் இவர்கள் வீட்டுக்குச் சுமந்துவராத ஒரு மரணம்.

தெருவில் கிடைக்கும் ஃபென்ரனில் என்ற கடும் ஓபியாயிட்டில் இப்போது மயக்க மருந்துகளும் கலந்திருக்கின்றன. மூக்கில் அடிக்கும் நலொக்சோன் மருந்து ஓபியாயிட்டை முறிக்கும். பென்சோடயசெபைன் போன்ற அந்த மயக்க மருந்துகளை முறிக்காது. எனவே மூச்சுத் திரும்பிய பின்னும் கண் திறக்காதவர் அருகே, அவர் பிழைப்பாரா என்று தெரியாமல், பணியாளர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. இத்தகைய நிலையில், பள்ளிகளிலிருந்தும் குழந்தைகள் காப்பகங்களிலிருந்தும் 200 மீட்டருக்குள் இருந்த, கண்காணிப்புடன் போதைப்பொருள் பயன்படுத்தும் நிலையங்களை 2025 மார்ச் முடிவுக்குள் மூடும்படி ஒன்ராறியோ மாகாண அரசு செய்தது பெரும் பிழை என்பது என் கருத்து. பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அங்கே தாதியின் கண்முன் இருந்தவர் இனிப் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக இருப்பார். அந்தக் கதவை உடைக்க என் தம்பி போன்றவர்கள்தான் போக வேண்டும்.

2016-இல் ஒன்ராறியோ நல்லதொரு சட்டத்தையும் இயற்றியது. பராமெடிக், தீயணைப்பாளர், காவலர், அவசர அழைப்பை ஏற்பவர் ஆகியோருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் இருப்பதை மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்தால், அது பணியால் வந்தது என்றே கொள்ளப்படும். எந்த அழைப்பு தன்னை உடைத்தது என்று அவர்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆயினும் இச்சட்டம் நோய் முற்றிய பின்னரே கைகொடுக்கிறது. ஒரு பிள்ளையின் மரணத்துக்குப் பிறகு அடுத்த அழைப்புக்கு முன் ஒரு மணி நேர ஓய்வு, கேட்காமலே தேடிவந்து பேசும் ஒரு மூத்த சக பணியாளர், பதவி உயர்வைப் பாதிக்காத ஆற்றுப்படுத்தல் ஆகியவை முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். தம்பி உதவி கேட்கவே ஐந்து மாதங்கள் எடுத்தான். "ஏலாதவன் எண்டு நினைப்பினம்" என்ற பயம்தான் காரணம்.

நம் சமூகம் போதைப் பழக்கத்தை மூடி மறைப்பதும் அவர்களின் வேலையைக் கடினமாக்குகிறது. அன்று அந்தத் தாய், மகன் என்ன எடுத்தான் என்று சொல்லவே தயங்கியிருக்கிறார். அவசர எண் 911-ஐ அழைத்தால் காவல்துறை வழக்குப் போடும் என்று அஞ்சுவோரும் உண்டு. சொந்தப் பாவனைக்கான போதைப்பொருளை வைத்திருந்ததற்காக, உதவிக்கு அழைத்தவர்மீதும் பாதிக்கப்பட்டவர்மீதும் வழக்குத் தொடராமல் கனடாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. நலொக்சோன் பெட்டி பல மருந்தகங்களில் இலவசம். அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடக்கூடும் என்பதால், கண்விழித்தவரையும் தனியே விடாமல் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஓகஸ்ட் 31 உலக அளவில் அளவுமீறிய போதை மரணங்களை நினைவுகூரும் நாள். எங்கள் கோயில் மண்டபத்தில் அன்று ஒரு மணி நேர நலொக்சோன் பயிற்சிக்கு இடம் தரும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கற்றுக்கொடுக்கத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா முன்வரிசையில் இருப்பேன் என்கிறார்.