செப்டிக் டேங்க் லாரிக்கு யார் காசு கொடுப்பது?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே மாதிரி ஒரு வீடியோ. ராத்திரி, பாலத்தடியில் செப்டிக் டேங்க் லாரி நிற்கிறது. தடித்த ஹோஸ் ஓடைக்குள் இறங்கியிருக்கிறது. வால்வைத் திறந்ததும் கறுப்பாகக் கொட்டுகிறது. கீழே வழக்கம்போல லாரிக்காரருக்கு அர்ச்சனை.

பிடித்து அபராதம் போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த லோடு யார் வீட்டிலிருந்து வந்தது? பாதாள சாக்கடை இல்லாத ஊர் எங்களுடையது. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பார்கள். நாம் எப்போது லாரியைக் கூப்பிடுகிறோம்? கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வரும்போது. அதற்குள் பத்து வருடம் ஓடியிருக்கும். மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, மேலே டைல்ஸ் ஒட்டி பைக் நிறுத்தியிருப்போம். அடியில் கசடு இறுகிப்போய் ஹோஸுக்கு வராது. அப்போதுதான் ‘யாராவது உள்ளே இறங்கிக் கிளறிவிட்டால்...’ என்ற பேச்சு வரும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். விஷவாயுவில் ஆள் செத்த செய்தி இன்னமும் நின்றபாடில்லை.

சரி, லாரி வந்து எடுத்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலிலேயே பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார். கணக்கு அங்கேயே முடிந்தது. அப்புறம் சுத்திகரிப்பு நிலையம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வரும் டீசல் லாரிக்காரரின் கைக்காசு. அந்த நேரத்தில் இன்னொரு டிரிப் அடித்துவிடலாம். ஓடையோ போகிற வழியிலேயே இருக்கிறது. வேறென்ன நடக்கும்?

நிலையம் கட்டுவது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சியில்தான் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் கசடை ஊற்றுகிறார்கள். தண்ணீர் கீழே வடிந்து தனியாகச் சுத்திகரிப்புக்குப் போகிறது. மேலே நிற்பது வெயிலில் காய்ந்து எருவாகிறது. வெயிலுக்கா நமக்குப் பஞ்சம்! நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர், அதாவது நாலைந்து லாரி லோடு. குறைவாகத் தோன்றலாம். ஆனால் செப்டிக் டேங்க் கசடு சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு வீரியமானது. கோடையில் சுண்டிப்போன ஓடையில் ஒரு லோடு விழுந்தாலே போதும், தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் காலி, மீன் செத்து மிதக்கும்.

பணக் கணக்கைச் சரிசெய்த ஊர் என்று நான் சொல்வது மகாராஷ்டிராவில் இருக்கும் ‘வாய்’. கிருஷ்ணா நதிக்கரையில், படித்துறையும் கோயிலுமாக, 2011 கணக்கெடுப்பில் சுமார் 36,000 பேர் இருந்த சின்ன நகரம். அங்கே 2018 முதல் முறைவைத்து டேங்க் எடுக்கிறார்கள். நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை உங்கள் தெருவுக்கு லாரி வரும். லாரிக்காரரிடம் யாரும் காசு நீட்ட வேண்டாம், சொத்து வரியோடு சுகாதார வரியாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்கு நகராட்சி பணம் தருவது, எடுத்த கசடு நிலையத்தில் போய் இறங்கிய பிறகுதான். அப்படியிருக்க எந்த டிரைவர் ஓடையைத் தேடிப் போவார்? அவருடைய கூலியே வண்டிக்குள்தானே இருக்கிறது!

நம்மிடம் விதிகள் இல்லாமல் இல்லை. லாரிக்கு உரிமம், எங்கே கொட்ட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் வழிகாட்டுதல்களைத் தமிழக அரசு 2014-லேயே கொண்டுவந்துவிட்டது. பணம் மட்டும் இன்னும் வீட்டு வாசலிலேயே கைமாறிக்கொண்டிருக்கிறது.

அதனால் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் நான் கேட்கப்போவது இதுதான். லாரி நிலையத்துக்குள் நுழைந்ததும் கேட்டில் ஒரு சீட்டு கொடுங்கள். சீட்டைக் காட்டினால் பேரூராட்சி பணம் தரட்டும். அதற்காக வரி ரசீதில் ஒரு தொகை கூடினால் கட்டுகிறேன். எப்படியும் டேங்க் எடுக்கும்போது மொத்தமாக ஆயிரக்கணக்கில் கொடுக்கத்தானே செய்கிறோம்?

‘இருக்கிற வரி போதாதா’ என்று கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள், உங்கள் வீட்டு டேங்கைக் கடைசியாக எந்த வருடம் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.