எல்லாரிட்டயும் இல்லாத படம்

மூன்று நாளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. 13 படங்கள் பரப்பிக் கிடக்கின்றன. நாலுக்கு ஆறு அங்குலம், மினுங்காத தாள். அம்மா கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறா, ஒன்றும் சொல்லவில்லை. 13இல் 10தான் எங்கள் கூட்டத்துக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்றைக் கழித்தாக வேண்டும்.

படம் எடுப்பதில் ஆசையுள்ள நாங்கள் ஆறு பேர். ஒருவருக்கும் படம் எடுப்பது தொழில் இல்லை. ஒருவர் வங்கி, இருவர் ஆசிரியர்கள், ஒருவருக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், ஒருவர் பல் வைத்தியர், நான் கணக்குப் பார்ப்பவன். டிசம்பர் கடைசி ஞாயிறு வெள்ளவத்தையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வருடம் எடுத்ததில் தனக்குப் பிடித்த பத்துப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். போனில் காட்ட முடியாது. எல்லாருடையதையும் நிலத்தில் பாய் விரித்து அடுக்குவோம். பிறகு ஒவ்வொருவரும் தன் பத்தில் ஒன்றைக் கையில் எடுத்து, ஏன் இது என்று சொல்லவேண்டும்.

அந்த "ஏன்" என்ற கேள்விக்குத்தான் நாங்கள் எல்லாரும் திணறுகிறோம். இந்தப் பதிவை எழுதவைத்ததும் அதுதான்.

முதல் இரண்டு வருடமும் பெரும்பாலும் வந்த பதில், "இதுக்குக் கனக்க லைக் வந்தது." இரண்டாவது பதில், "இதுக்காக விடிய நாலு மணிக்கு எழும்பினனான்." முதலாவது மற்றவனின் விருப்பம். இரண்டாவது நான் பட்ட பாடு. இரண்டிலும் படத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாலு மணிக்கு எழும்பியதோ, பேரை வாவிக் கரையில் நுளம்புக்கடி வாங்கியதோ பார்க்கிறவனுக்குத் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆனால் எடுத்தவனுக்கு அந்த அலைச்சலும் படத்தோடு சேர்ந்தே தெரிகிறது. அதனாலேயே சொந்தப் படத்தைத் தெரிவுசெய்வது இவ்வளவு கஷ்டம்.

நியூயோர்க் தெருக்களைப் படம் எடுத்த கரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிம் ரோல்களை வேண்டுமென்றே ஒரு வருடம்போலக் கிடக்கவிட்டுத்தான் கழுவுவாராம். எடுத்த நேரத்துச் சந்தோசம் மறந்துபோனால்தான் படம் நல்லதா என்று தெரியும் என்பது அவருடைய எண்ணம். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. அவ்வளவு தூரம் நாங்கள் போகத் தேவையில்லை. ஆனால் எடுத்த அன்றே முகநூலில் போட்டு, அன்றிரவே "என் வாழ்நாளின் சிறந்த படம்" என்று எழுதுவதை நிறுத்தலாம். ஒரு மாதம் இருக்கட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், பத்தில் எட்டை ஏன் எடுத்தேன் என்றே விளங்குவதில்லை. மிஞ்சும் இரண்டுதான் என்னுடையவை.

எங்கள் பாயில் வருடாவருடம் என்ன வந்து விழுகிறது என்று சொல்கிறேன். காலிமுகத்திடலில் பட்டம். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வரிகள், முன்னால் சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர். வெள்ளவத்தைக் கடலோரம் ரெயின் வாசலில் தொங்கும் இளைஞர்கள், பின்னால் சூரியன். ஆடிவேல் ரதம். இப்போது எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமரைக் கோபுரம். 350 மீற்றருக்கும் மேல் உயரம், கொழும்பில் எங்கே கமெராவைத் தூக்கினாலும் அது உள்ளே வந்து நிற்கும். இவையெல்லாம் என்னிடமும் இருக்கின்றன. எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வரிகளுக்கு முன்னால் நின்றால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அதையே "எனக்குப் பிடித்த என் படம்" என்று தூக்கிக் காட்டும்போதுதான் எனக்கு மனம் நோகிறது. அதில் "என்" எங்கே இருக்கிறது?

எங்கள் கூட்டத்தின் ஆகச்சிறந்த வருடம் 2020. மார்ச் 20இலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கொழும்பு ஊரடங்கில் கிடந்தது, பிறகும் வருட முடிவுவரை பூட்டுவதும் திறப்பதும்தான். கூட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். கடைசியில் கூடியபோது பட்டமும் இல்லை, வாவியும் இல்லை. வீட்டுக்குள் எடுத்தது மட்டும். வங்கி நண்பர் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தை எடுத்திருந்தார். கதவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் கிடந்து கறுப்புத் தோல் முழுக்கப் பூஞ்சணம் பூத்து, நாடா மட்டும் கட்டினபடியே இருந்தது. அவர் அதை எடுத்து, "திரும்பப் பள்ளிக்கூடம் திறக்கேக்கை இது பிள்ளைக்குச் சின்னனாப் போச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் உலகத்தில் அவரிடம் மட்டும்தான் இருக்க முடியும்.

இதை எனக்கு முதலில் சொல்லித்தந்தது அம்மா. சொல்லித்தந்தா என்று அவவுக்கே தெரியாது.

1995 ஒக்டோபர் 30. போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. எனக்கு 14 வயது. சைக்கிளில் என்ன கட்டலாம் என்று அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அல்பத்தைத் தூக்கினா. பெரிய அல்பம், ஒட்டுத் தாளும் மேலே பிளாஸ்ரிக்கும். தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா. பாரம். பிறகு விளக்கைக் கிட்டப் பிடித்து, நகத்தால் மூன்று படங்களைக் கிளப்பி, அடையாள அட்டைகளோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் போட்டா. இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நாவற்குழிப் பக்கம் மழையில் நின்றபோதும் அந்தப் பை அவவின் சட்டைக்குள்தான் இருந்தது.

அந்த மூன்றிலும் கலியாணப் படம் இல்லை. ஒன்று, பெரிய மாமா புதுச் சைக்கிளோடு நிற்பது, தலையில் பாதி வெட்டுப்பட்டு. இன்னொன்று, எனக்குக் காது குத்தும்போது நான் வாயைத் திறந்து அழுவது. மூன்றாவதில் ஆட்களே இல்லை. எங்கள் கிணறும் துலாவும் மட்டும். அப்பா ஃபிலிம் ரோலை முடிக்கவேண்டும் என்பதற்காக 36ஆவதாக எடுத்த படம்.

கொழும்புக்கு வந்து பல வருடத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன், ஏன் கலியாணப் படத்தை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று. அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டு சொன்னா: "கலியாணப் படம் எல்லாரிட்டயும் இருக்குது. சித்தியிட்ட கேட்டால் தருவா. அண்ணை அப்பிடிச் சிரிச்சுக்கொண்டு நிண்டதை ஒருதரும் எடுக்கேல்லை."

படம் தெரிவுசெய்வதற்கு இதைவிட நல்ல ஒரு அளவுகோலை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. ஃபோகஸ், ஒளி, கோடுகள் எல்லாம் வேண்டும்தான். நானும் இரவிரவாக இருந்து எடிட் செய்கிறவன். ஆனால் கடைசிப் பத்துக்கு வரும்போது அம்மாவின் கேள்வியைத்தான் கேட்கிறேன்: இது வேறு யாரிடமாவது இருக்குமா?

எனக்கு இன்றுவரை ஆகப் பிடித்த என் படம் கமெராவில் எடுத்ததே இல்லை. 2022 மே மாதம், சமையல் காஸ் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற நாட்கள். வெள்ளவத்தையில் ஒரு குறுக்குத் தெருவில் விடிய ஐந்து மணி. நீலச் சிலிண்டர்கள் மதிலோரம் வரிசையாக, ஒரு கொடிக்கயிறு எல்லாக் கைபிடிக்குள்ளாலும் போய்வர, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய தாள். ஆட்கள் நிலத்தில். எனக்கு முன்னால் இருந்த அன்ரி மதிலில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டா. ஒரு கை மடியில். மற்றக் கை சிலிண்டரின் வால்வில், பிள்ளையின் உச்சந்தலையில் வைப்பதுபோல. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும். போனில் ஒன்றே ஒன்று எடுத்தேன். இருட்டில் எடுத்ததால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எந்தப் போட்டிக்கும் போகாது.

அதை அச்செடுக்கக் கொடுத்த கடையில் அந்தக் கையை வெட்டிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. போன் படம் நாலுக்கு மூன்று, தாள் மூன்றுக்கு இரண்டு. மெசின் தாளை நிரப்பப் பார்க்கும், அதனால் நீளப்பக்கம் இரண்டிலும் கொஞ்சம் போகும். என் படத்தில் போன கொஞ்சம் அந்தக் கை. கையில்லாமல் பார்த்தால், ஒரு மனிசி தெருவில் நித்திரை கொள்கிறா, அவ்வளவுதான். திரும்பக் கொண்டுபோய், வெள்ளைக் கரை விட்டு முழுதாகப் போடச் சொல்லி வாங்கினேன். (அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் "வெட்டாமல் போடுங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொகியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கித்தான் போய்ச்சேரும்.)

ஒரு பிரதியை அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனநேரம் பார்த்தா. "நித்திரையிலயும் விடேல்லை, பாத்தியே" என்றா. பிறகு, "பேஸ்புக்கில போட்டிடாத தம்பி. கனடாவில மகள் பாத்தால் அழுவாள்."

அதனால் இந்தப் பதிவோடு அந்தப் படம் இல்லை. பிடித்த படமென்றால் பகிர்ந்தாக வேண்டும் என்று நாங்கள் ஏன் பழகிக்கொண்டோம்? பாயில் ஆறு பேர் பார்த்தார்கள், அன்ரியிடம் ஒன்று இருக்கிறது, எனக்கு அது போதும். வரிசையில் நின்றவர்களின் முகங்களை அந்த நாட்களில் கேளாமல் எடுத்துப் போட்டவர்கள் பலர். நானும் அன்றைக்குக் கேட்காமல்தான் எடுத்தேன். நித்திரையில் இருந்தவவை எழுப்பிக் கேட்க முடியாது. ஆனால் எடுத்ததற்கும் போடுவதற்கும் இடையில் போய்க் கேட்க நேரம் இருக்கிறது.

அச்செடுப்பதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறோம். அந்த மனிதர் 1900இல் பிறந்து 1944இல் போய்விட்டார். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், இந்த நாட்டின் ஆகப்பெரிய படப்பிடிப்பாளர்களில் ஒருவர். இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இருட்டறையில் நின்று, இது வேண்டும் என்று அவரே தெரிவுசெய்து தாளில் எடுத்து வைத்தவைதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கின்றன. என் ஹார்ட் டிஸ்க்கில் 14,000 படங்கள் கிடக்கின்றன. நாளைக்கு அது நின்றுபோனால், வருடத்துக்குப் பத்தாக இலாச்சிக்குள் இருக்கும் சப்பாத்துப் பெட்டியில் உள்ளவைதான் என்னுடையவை.

சரி, மேசைக்கு வருகிறேன். 13. அதில் ஒன்று தாமரைக் கோபுரம்: விடியற்காலை, வாவியில் நிழல் உடையாமல், மேலே ஊதா வானம். அதற்காக நாலு நாள் போயிருக்கிறேன், மூன்று நாள் காற்று நிழலைக் கலைத்தது. நாலாம் நாள் கிடைத்தது. வடிவான படம். பார்க்கிற எல்லாரும் "இது நீயா எடுத்தது" என்று கேட்கிறார்கள்.

அதை இப்போதுதான் எடுத்து உறைக்குள் போட்டேன். இன்னும் இரண்டு போகவேண்டும்.