'தானா சாப்பிடுவானா?' என்று கேட்டால் மட்டும் போதாது

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையின் அன்றாடத் திறன்களை மதிப்பிடுவதாகச் சொல்லி நம்மூரில் பெரும்பாலும் நடப்பது, அம்மாவை எதிரே உட்காரவைத்து விஎஸ்எம்எஸ் (வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்) படிவத்தின் 89 கேள்விகளில் வயதுக்கேற்றவற்றைக் கேட்பதுதான். கிடைக்கும் சமூக வயதை, அதாவது அன்றாட வேலைகளில் பிள்ளை எந்த வயதின் அளவில் இருக்கிறது என்பதை, உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும், மறுக்கவில்லை. அதைக் கொண்டே பயிற்சித் திட்டம் போடுவதும் முன்னேற்றத்தை அளப்பதும்தான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். 8 வயதில் சமூக வயது 4 என்றால் ஈவு 50. ஓராண்டில் சமூக வயது மூன்று மாதம் கூடுகிறது, 4.25-ஐ 9-ஆல் வகுத்தால் 47. பிள்ளை புதிதாகக் கற்றிருக்கிறது, எண்ணோ இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்த பெற்றோர் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள்.

திட்டம் போட, செயலைப் படிகளாக உடைத்துப் பார்க்க வேண்டும். சோறு சாப்பிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: குழம்பு ஊற்றிப் பிசைவது, விரல்களால் கூட்டி எடுப்பது, சிந்தாமல் வாய்வரை கொண்டுபோவது, கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது, மென்று விழுங்குவது. எந்தப் படியில் சிக்கல் என்று தெரியாமல் எதைக் கற்றுத் தருவது? தோசை இன்னும் கடினம். ஒரே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பிய்க்க வேண்டும். ஸ்பூனும் ஃபோர்க்கும் கேட்கிற வெளிநாட்டுப் படிவத்தில் இது எதுவும் வராது. இந்தியக் கழிப்பறையில் குத்தவைத்து, விழாமல், மக்கில் தண்ணீர் மொண்டு இடக்கையால் கழுவுவதும் அப்படித்தான். இடப்பக்கம் வலுவில்லாத பிள்ளைக்கு அந்தக் கடைசிப் படி மட்டும் தனிப் பிரச்சினை.

அடுத்தது உதவியின் அளவு. சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய எம்டிபிஎஸ் என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் 18 பிரிவு, பிரிவுக்கு 20 என 360 திறன்கள். ஒரே பார்வையில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும், நல்ல கருவி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏ (செய்கிறது) அல்லது பி (செய்வதில்லை) மட்டுமே. சொன்னால் செய்கிற பிள்ளையும் கையைப் பிடித்துச் செய்யவைக்க வேண்டிய பிள்ளையும் ஒரே பி-யில் விழுந்துவிடலாம். செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கென உள்ள தேசிய நிறுவனத்தின் எஃப்ஏசிபி என்ற திறன் பட்டியல் இதைப் பிரித்துக் குறிக்கிறது: தானாக, எப்போதாவது ஜாடை காட்டினால், வாயால் சொன்னால், கைப்பிடித்தால், உதவினாலும் இல்லை, வாய்ப்பே கிடைக்கவில்லை.

அந்தக் கடைசி வகையைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். காலையில் ஸ்கூல் வேன் வரும் அவசரத்தில் சட்டை போட்டுவிடுவது அம்மாதான்; பிள்ளையின் கை பட்டனைத் தொட்டதே கிடையாது. அதற்கு 'முடியாது' என்று எழுதுவது அநியாயம். நேர்மாறாக, அம்மா 'எல்லாம் தானா செய்வான்' என்பார். நேரில் பார்த்தால் பக்கத்தில் நின்று 'ம்... அடுத்து?' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதுவும் உதவிதான்.

மதிப்பிடுபவர் செய்கிற பிழையும் உண்டு. சரியான பொருளின் மேல் நம் கண் போனாலே பிள்ளை அதைத்தான் எடுக்கும். வலிப்பு மாத்திரையின் மயக்கத்தில் இருக்கும்போது பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. குறைந்தது மூன்று வெவ்வேறு வேளைகளில், வீட்டுத் தட்டு, வீட்டு மக்கு, வீட்டுச் சட்டையோடு பாருங்கள். வீட்டுக்குப் போக முடியாவிட்டால் அம்மா போனில் எடுத்த வீடியோ போதும், சொல்லிக்கொடுக்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'உணவு உண்ண உதவி தேவை' என்று எழுதினால் சிறப்பாசிரியருக்கு ஒன்றும் புரியாது. 'பிசைந்து வைத்தால் தானாக எடுத்து உண்கிறாள். பிசைய கைப்பிடித்து உதவ வேண்டும். தோசை பிய்க்க வாய்ப்புத் தரப்படவில்லை' என்று எழுதுங்கள். திங்கட்கிழமை எங்கிருந்து தொடங்குவது என்று அவரே பார்த்துக்கொள்வார்.